டான்சில் அறுவைக்குப் பின் ஆறாம் நாள்: மறுசேர்க்கையின் செலவு யார் கணக்கில்?

டான்சில் நீக்கிய குழந்தை பெரும்பாலும் அன்று மாலையோ மறுநாள் காலையோ வீடு திரும்பிவிடும். அறுத்த இடத்தில் பொதுவாகத் தையல் இருக்காது. தொண்டையின் இரு பக்கமும் திறந்த புண்தான். ஓரிரு நாளில் அதன்மேல் வெள்ளையாக ஒரு படலம் படியும். டார்ச் அடித்துப் பார்க்கிற பெற்றோர் சீழ் வைத்துவிட்டது என்று பதறுவார்கள். அது சீழ் அல்ல. முழங்கால் சிராய்ப்பில் கட்டும் பொருக்கு வாய்க்குள் ஈரத்தில் இருந்தால் அப்படித்தான் இருக்கும். ஐந்தாம் நாளிலிருந்து பத்தாம் நாளுக்குள் அந்தப் படலம் உதிர்கிறது. அடியில் ஏதாவது ரத்தக்குழாய் சரியாக மூடாமல் இருந்தால் அப்போது கசியத் தொடங்கும். தூங்கும் குழந்தை அடிக்கடி எச்சில் விழுங்குவதுபோல விழுங்கும். ரத்தம் வெளியே தெரியாமல் வயிற்றுக்குள் போய்க்கொண்டிருக்கும். கருஞ்சிவப்பாக வாந்தி எடுக்கும்போதுதான் வீட்டில் விளக்கைப் போடுவார்கள்.

அடுத்து அவசரப் பிரிவு, ஊசிவழித் திரவம், ரத்த வகைப் பரிசோதனை, வீட்டிலிருந்து வரவழைக்கப்படும் காது மூக்கு தொண்டை மருத்துவர். கசிவு தானாக நின்றிருந்தால் ஓரிரவு படுக்கவைத்துப் பார்ப்பார்கள். நிற்காவிட்டால் மீண்டும் அறுவை அரங்கு. வயிறு நிறைய ரத்தம், குறைந்துபோன ரத்த ஓட்டம், குழாய் செருக வேண்டிய பாதையே கண்ணுக்குத் தெரியாத தொண்டை. மயக்க மருத்துவர்கள் மிகவும் அஞ்சும் நள்ளிரவு அழைப்புகளில் இதுவும் ஒன்று. முதல் அறுவை திட்டமிட்டது. எந்தப் படுக்கை, எந்த நேரம், யார் செவிலியர் என்பதெல்லாம் முன்பே எழுதப்பட்டிருந்தது. இரண்டாவது அறுவைக்கு அப்படி எதுவும் இல்லை. செலவு ஏறுவது இங்கேதான்.

மருத்துவ நிர்வாகத்தில் இதற்குத் திட்டமிடாத மறுசேர்க்கை என்று பெயர். டிஸ்சார்ஜ் ஆன நோயாளி 30 நாளுக்குள் எதிர்பாராமல் மீண்டும் உள்நோயாளியாக வந்தால் அது ஒரு மறுசேர்க்கை. இதைத் தரத்தின் அளவுகோலாகவும், பிறகு தண்டனைக்கான காரணமாகவும் மாற்றியதில் ஒரு கட்டுரைக்குப் பெரிய பங்கு உண்டு. 2009-இல் ஸ்டீபன் ஜென்க்ஸும் இரு சக ஆய்வாளர்களும் நியூ இங்கிலாந்து ஜர்னல் ஆஃப் மெடிசின் இதழில் அமெரிக்க முதியோருக்கான அரசுக் காப்பீடான மெடிகேரின் பதிவுகளை ஆராய்ந்து எழுதினார்கள். டிஸ்சார்ஜ் ஆன முதியவர்களில் 19.6 சதவீதம் பேர் 30 நாளுக்குள் திரும்பினார்கள். திட்டமிடாத மறுசேர்க்கைகளால் 2004-ஆம் ஆண்டில் மட்டும் மெடிகேருக்கு ஆன செலவு ஏறக்குறைய 1,740 கோடி டாலர் என்று அவர்கள் கணக்கிட்டார்கள். அறுவை அல்லாத சிகிச்சை பெற்று அப்படித் திரும்பியவர்களில் பாதிப் பேருக்கு, இடைப்பட்ட நாட்களில் எந்த மருத்துவரையும் போய்ப் பார்த்ததற்கான பில்லே இல்லை.

அரசியல்வாதிகளின் கண்ணில் பட்டது பாதிப் பேர் பற்றிய அந்தத் தகவல் அல்ல, 1,740 கோடிதான். 2010-ஆம் ஆண்டின் ஒபாமா மருத்துவச் சட்டத்தில் மறுசேர்க்கைக் குறைப்புத் திட்டம் இடம்பெற்றது. 2012 அக்டோபரிலிருந்து, எதிர்பார்த்ததைவிட அதிக நோயாளிகள் திரும்பிய மருத்துவமனைகளின் மெடிகேர் தொகையில் பிடித்தம் தொடங்கியது. முதல் ஆண்டில் உச்சவரம்பு 1 சதவீதம், மூன்றாம் ஆண்டில் 3 சதவீதம். மாரடைப்பு, இதயச் செயலிழப்பு, நிமோனியா என்று தொடங்கிய பட்டியலில் பிறகு நாட்பட்ட நுரையீரல் நோய், இடுப்பு-முழங்கால் மூட்டு மாற்று, இதய பைபாஸ் ஆகியவையும் சேர்ந்தன. இங்கிலாந்து இன்னும் நேரடியாக இறங்கியது. 2011 ஏப்ரலிலிருந்து, திட்டமிட்ட சிகிச்சைக்குப் பின் 30 நாளுக்குள் அவசரமாகத் திரும்பும் நோயாளிகள் பலருக்கு அந்த இரண்டாவது சேர்க்கைக்கான கட்டணத்தை மருத்துவமனைக்குத் தருவதில்லை என்பது விதியானது.

அமெரிக்கப் பட்டியலில் காது மூக்கு தொண்டைத் துறையின் நோய் ஒன்றுகூட இல்லை. அதனால் இந்தத் துறை தப்பித்தது என்று சொல்லலாம், கவனிக்கப்படாமல் போனது என்றும் சொல்லலாம். என் பார்வையில் இரண்டாவதே சரி. மறுசேர்க்கைச் செலவு எப்படி உருவாகிறது, ஒருவர் மிச்சம்பிடித்தது எப்படி இன்னொருவர் தலையில் விழுகிறது என்பதை இவ்வளவு தெளிவாகக் காட்டும் துறைகள் குறைவு.

முதலில் இந்தத் துறையின் விசித்திரமான அமைப்பைச் சொல்ல வேண்டும். அமெரிக்காவின் செயின்ட் லூயிஸ் நகரில் ஈவன் கிராபோயஸும் சக மருத்துவர்களும் தங்கள் பல்கலைக்கழக மருத்துவமனையின் காது மூக்கு தொண்டைப் பிரிவு முழுவதையும் ஆராய்ந்து 2013-இல் வெளியிட்டார்கள். 30 நாள் திட்டமிடாத மறுசேர்க்கை 7.3 சதவீதம். கேட்க அமைதியான எண். அதே குழு, புற்றுநோய்க்காகக் குரல்வளையை முழுவதுமாக நீக்கியவர்களை மட்டும் தனியாக எடுத்துப் பார்த்தபோது அது 26.5 சதவீதமாக இருந்தது. நால்வரில் ஒருவருக்கும் மேல். காதுத் துளை அடைப்பு, மூக்குத் தண்டு சீரமைப்பு என்று ஏறக்குறைய யாருமே திரும்பிவராத சிகிச்சைகளும் இந்தக் கனத்த சிகிச்சையும் ஒரே சராசரிக்குள் கலக்கும்போது சராசரி எதையும் சொல்வதில்லை. செலவைப் பொறுத்தவரை இரண்டு முனைகளைப் பார்த்தால் போதும். ஒன்று டான்சில்: ஒவ்வொன்றும் சிறியது, எண்ணிக்கை பெரிது. மற்றது தலை-கழுத்துப் புற்றுநோய்: எண்ணிக்கை சிறிது, ஒவ்வொன்றும் வாரக்கணக்கில் நீளும்.

டான்சிலுக்கு வருவோம். இங்கிலாந்தில் 2001-இல் நடந்தது, மிச்சம்பிடிக்கும் நோக்கம்கூட இல்லாமல், முழுக்க எச்சரிக்கை உணர்வால் எடுத்த ஒரு முடிவு மறுசேர்க்கையாக மாறிய கதை.

மாட்டுப் பித்த நோயோடு தொடர்புடைய வேரியன்ட் சிஜேடி என்ற மூளைச்சிதைவு நோய் 1996-இல் பிரிட்டனில் அடையாளம் காணப்பட்டது. அதற்குக் காரணமான பிரியான் என்ற புரதம் நோயாளிகளின் டான்சில் திசுவிலும் இருந்தது. வழக்கமான நீராவிக் கிருமிநீக்கத்துக்கு அது முழுதும் அழியாது. அப்படியானால் ஒரு குழந்தையின் டான்சிலைத் தொட்ட கத்திரி அடுத்த குழந்தையின் தொண்டைக்குள் போகலாமா? 2001 ஜனவரியில் பிரிட்டிஷ் சுகாதாரத் துறை கிருமிநீக்க வசதிகளுக்கு 20 கோடி பவுண்டு ஒதுக்கியது. டான்சில் அறுவைக்கு ஒருமுறை பயன்படுத்தி எறியும் கருவிகளையே பயன்படுத்த வேண்டும் என்றும் அறிவித்தது. அன்றிருந்த அச்சத்தில் வேறு முடிவு எடுத்திருக்க முடியும் என்று எனக்குத் தோன்றவில்லை.

கருவிகள் வந்தன. புதியவை, மலிவானவை, அறுவை மருத்துவர்களின் கைக்குப் பழகாதவை. ரத்தக்குழாயைப் பிடித்து முடிச்சிடும் இடுக்கி சரியாகக் கவ்வாவிட்டால் மருத்துவர் என்ன செய்வார்? சுட்டு மூடுவார். மின்சாரத்தால் திசுவைச் சுட்டு ரத்தத்தை நிறுத்தும் டயதெர்மி மேசையருகே தயாராக இருந்தது. ரத்தக்கசிவு கூடியதாகப் பல ஊர்களிலிருந்தும் புகார்கள் குவிந்தன. அந்த ஆண்டு டிசம்பரிலேயே அரசு பின்வாங்கி, மறுபயன்பாட்டுக் கருவிகளுக்குத் திரும்ப இங்கிலாந்து மருத்துவமனைகளை அனுமதித்தது. அறுவைக் கருவி வழியாக வேரியன்ட் சிஜேடி தொற்றியதாக ஒரு நோயாளிகூட இன்றுவரை உறுதிசெய்யப்படவில்லை. ஏட்டளவிலான ஓர் ஆபத்தைத் தவிர்க்கப்போய், கண்ணெதிரே குழந்தைகளின் தொண்டையில் ரத்தம் கசிந்தது.

இந்தக் குழப்பத்திலிருந்து ஒரு நல்லது பிறந்தது. 2003 ஜூலையிலிருந்து 2004 செப்டம்பர்வரை இங்கிலாந்திலும் வட அயர்லாந்திலும் நடந்த டான்சில் அறுவைகளைத் தேசிய அளவில் தணிக்கை செய்தார்கள். எந்தக் கருவியால் அறுத்தீர்கள், எதனால் ரத்தத்தை நிறுத்தினீர்கள், நோயாளி திரும்பி வந்தாரா என்று 33,921 பேருக்குப் படிவம் நிரப்பப்பட்டது. மொத்த ரத்தக்கசிவு 3.5 சதவீதம். மீண்டும் அறுவை அரங்குக்குப் போனவர்கள் 0.9 சதவீதம். அறுத்த அன்றே கசிந்தவர்கள் மிகச் சிலர். பெரும்பகுதி வீட்டுக்குப் போனபின் கசிந்தவைதான், அதாவது மறுசேர்க்கைகள். அறுப்பதற்கும் நிறுத்துவதற்கும் வெப்பத்தையோ மின்சாரத்தையோ சார்ந்த முறைகளில் கசிவு, வெறும் கத்தி-கத்திரி முறையைவிட ஏறத்தாழ மூன்று மடங்கு. இடைக்கால முடிவுகள் 2004-இல் லான்செட் இதழில் வந்தன. 2005 டிசம்பரில் பிரிட்டனின் நைஸ் அமைப்பு, டயதெர்மியை அளவோடு பயன்படுத்தும்படி வழிகாட்டியது.

மூன்று மடங்கு என்பதைச் செலவாக மாற்றிப் பார்த்தால்தான் விஷயம் புரியும். டயதெர்மியால் அறுத்தால் மேசையில் ரத்தம் குறைவு, நேரமும் குறைவு. ஒரு காலைப் பட்டியலில் கூடுதலாக ஒரு குழந்தையைச் சேர்க்கலாம். அறுவை அரங்கின் கணக்குப் புத்தகத்தில் அது லாபம். ஆறாம் நாள் இரவு வரும் குழந்தையின் செலவு அவசரப் பிரிவின் கணக்கில் ஏறும், அல்லது வேறொரு ஊர் மருத்துவமனையின் கணக்கில். முதல் மருத்துவரின் காதுக்கு அந்தச் செய்தி போகாமலே இருக்கலாம். அமெரிக்கக் காது மூக்கு தொண்டை மருத்துவர்களின் சங்கம், ஒவ்வொரு அறுவை மருத்துவரும் தன் நோயாளிகளின் ரத்தக்கசிவு விகிதத்தை ஆண்டுக்கு ஒருமுறையாவது கணக்கிட்டுக்கொள்ள வேண்டும் என்று தன் வழிகாட்டியில் தனி விதியாகவே எழுதவேண்டியிருந்தது. சொல்லாவிட்டால் யாரும் கணக்கெடுப்பதில்லை என்பதே அதன் பொருள்.

இதற்கு ஒரு பின்கதையும் உண்டு. அந்தத் தணிக்கையில் குறைசொல்லப்பட்ட முறைகளில் ஒன்று கோப்ளேஷன். உப்புக் கரைசலில் மின்சாரத்தைச் செலுத்தித் திசுவைக் கரைக்கும் கருவி. இப்போது அதே கருவியைக் குழந்தைகளுக்கு வேறுவிதமாகப் பயன்படுத்துகிறார்கள். டான்சிலை அதன் உறையோடு பிடுங்காமல், உறையை விட்டுவிட்டு உள்ளிருக்கும் சதையை மட்டும் கரைத்தெடுக்கிறார்கள். அடியிலுள்ள தசையும் பெரிய ரத்தக்குழாய்களும் திறந்துகிடப்பதில்லை. வலி குறைகிறது, கசிவும் குறைகிறது. மிச்சமிருக்கும் திசு சில குழந்தைகளுக்கு மீண்டும் வளரலாம், சிலருக்கு இன்னொரு அறுவை தேவைப்படலாம். ஆகக் குற்றவாளி கருவி மட்டும் அல்ல. அது தொண்டையின் எந்த அடுக்கில் வேலை செய்கிறது என்பதும்தான். ஒருமுறை மட்டுமே பயன்படும் அந்தக் கருவிமுனை சாதாரணக் கத்திரியைவிடப் பலமடங்கு விலை. கொள்முதல் அதிகாரி பார்ப்பது அந்த விலையை. வராமல்போன மறுசேர்க்கைக்கு பில் கிடையாது, அதனால் அவர் மேசைக்கு அது வருவதும் இல்லை.

ரத்தம் மட்டும் குழந்தையைத் திரும்ப அழைத்துவருவதில்லை. சஞ்சய் மஹந்தும் சக ஆய்வாளர்களும் 2014-இல் பீடியாட்ரிக்ஸ் இதழில் வெளியிட்ட ஆய்வு, அமெரிக்காவின் 36 குழந்தைகள் மருத்துவமனைகளில் டான்சில் நீக்கிய, வேறு பெரிய நோய் எதுவும் இல்லாத 1,39,715 குழந்தைகளைப் பற்றியது. 30 நாளுக்குள் ஏதோ ஒரு வகையில் மருத்துவமனைக்குத் திரும்பியவர்கள் 7.8 சதவீதம். கசிவுக்காக 3 சதவீதம். வாந்தி, நீரிழப்புக்காக 2.2 சதவீதம். மருத்துவமனைக்கு மருத்துவமனை இருந்த வேறுபாடுதான் திகைக்கவைப்பது. கசிவுக்காகத் திரும்பியவர்கள் ஓரிடத்தில் 1 சதவீதம், இன்னோரிடத்தில் 8.8 சதவீதம். அறுவையின்போது ஒரே ஒரு முறை போடவேண்டிய, மிக மலிவான டெக்ஸாமெத்தசோன் ஊசி வாந்தியையும் வலியையும் குறைக்கிறது என்பது பலகாலமாகத் தெரிந்தது. அதை ஏறக்குறைய எல்லாக் குழந்தைகளுக்கும் போட்ட மருத்துவமனையும் இருந்தது, ஆயிரத்தில் மூவருக்கு மட்டும் போட்டதும் இருந்தது. தேவையில்லை என்று வழிகாட்டிகள் சொல்லும் ஆன்டிபயாட்டிக்கை பத்தில் ஒன்பது பேருக்குக் கொடுத்த இடமும் இருந்தது.

நீரிழப்பு என்ற சொல்லுக்குப் பின்னால் நடப்பதைச் சற்று அருகில் போய்ப் பார்க்கலாம். இரவு பத்து மணிக்கு வலிமருந்து கொடுத்தாயிற்று. அடுத்த வேளை பின்னிரவில். நன்றாகத் தூங்கும் குழந்தையை எழுப்பி மருந்து ஊட்ட எந்தத் தாய்க்கும் மனம் வராது. விடியும்போது மருந்து உடலில் இல்லை. வாயைத் திறந்து உறங்கியதில் தொண்டை வறண்டிருக்கிறது. எச்சில் விழுங்கினாலே காதுவரை குத்துகிறது. குழந்தை தண்ணீரைத் தள்ளிவிடுகிறது. குடிக்காததால் வலி கூடுகிறது, வலியால் குடிப்பதில்லை. மறுநாள் மாலை, சிறுநீர் போய் வெகுநேரமான, கண் சோர்ந்த குழந்தையோடு அவசரப் பிரிவு. இரவில் எழுப்பியாவது மருந்தைக் கொடுங்கள் என்று டிஸ்சார்ஜின்போது ஒருவர் உட்கார்ந்து சொல்லியிருந்தால் தவிர்த்திருக்கக்கூடிய செலவு இது. ஆனால் அப்படி உட்கார்ந்து சொல்லும் நேரத்துக்குக் கட்டணப் பட்டியலில் தனி வரி கிடையாது.

எந்த மருந்து என்பதிலும் ஒரு வரலாறு இருக்கிறது. நெடுங்காலம் கோடீன் கலந்த திரவத்தையே கொடுத்தார்கள். கோடீன் உடலுக்குள் போய் மார்ஃபினாக மாறித்தான் வேலை செய்யும். மரபணு காரணமாகச் சிலர் உடலில் அந்த மாற்றம் மிக வேகமாக நடக்கும். மூச்சடைப்புக்காக டான்சில் நீக்கப்பட்ட சில குழந்தைகள் வழக்கமான அளவிலேயே மூச்சு நின்று இறந்தார்கள். 2013 பிப்ரவரியில் அமெரிக்க மருந்துக் கட்டுப்பாட்டு நிறுவனம் டான்சில் அறுவைக்குப் பின் குழந்தைகளுக்குக் கோடீன் கூடாது என்று பெட்டிக்கட்டு எச்சரிக்கை கொண்டுவந்தது. ஐரோப்பாவும் அதே ஆண்டு கட்டுப்படுத்தியது. இப்போது பாராசிட்டமாலும் ஐபுபுரோஃபெனும்தான். வலி சற்றுக் கூடுதலாகி சில குழந்தைகள் திரும்பி வந்தாலும் அந்தச் செலவை ஏற்கத்தான் வேண்டும். எல்லா மறுசேர்க்கையும் தோல்வி அல்ல என்பதற்கு இதைவிடத் தெளிவான உதாரணம் எனக்குத் தெரியவில்லை.

அமெரிக்காவில் 15 வயதுக்குட்பட்ட குழந்தைகளுக்கு, அன்றே வீடு திரும்பும் முறையில் ஆண்டுக்கு 2,89,000 டான்சில் அறுவைகள் நடப்பதாக அந்நாட்டுக் காது மூக்கு தொண்டை மருத்துவர் சங்கத்தின் 2019-ஆம் ஆண்டு வழிகாட்டி குறிப்பிடுகிறது. 7.8 சதவீதம் எல்லா இடத்துக்கும் பொருந்துமானால் 22,000-க்கு மேற்பட்ட திரும்புதல்கள். இதை டாலராக்கத் தோன்றும். அமெரிக்காவில் 2018-இல் பெரியவர்களின் ஒரு மறுசேர்க்கைக்குச் சராசரியாக 15,200 டாலர் ஆனதாக அரசுத் தரவுத்தளம் சொல்கிறது. இரண்டையும் பெருக்கினால் தலைப்புச் செய்தி தயார், ஆனால் அது தவறான பெருக்கல். அந்த 15,200-இல் இதயநோயாளிகளின் பத்து நாள் படுக்கையும் அடங்கும். டான்சில் குழந்தைகளில் பலர் அவசரப் பிரிவில் சில மணி நேரம் திரவம் ஏற்றிக்கொண்டு வீடு திரும்பிவிடுவார்கள்.

செலவைத் தள்ளிப்போடுவதற்கு அறுவையையே செய்யாமல் விடுவது இன்னொரு வழி. பிரிட்டனில் டான்சில் நீக்கம் பயன் குறைந்த சிகிச்சைகளின் பட்டியலில் வைக்கப்பட்டு ஆண்டுக்காண்டு குறைக்கப்பட்டது. 1991 முதல் 2011 வரையிலான இங்கிலாந்துப் பதிவுகளை ஆராய்ந்தவர்கள், டான்சில் அறுவைகள் 37 சதவீதம் குறைந்த அதே காலத்தில் டான்சில் அழற்சிக்கான மருத்துவமனைச் சேர்க்கைகள் 310 சதவீதம் கூடியதைக் கண்டார்கள். ஒன்றால்தான் மற்றது என்று இதை வைத்துச் சொல்லிவிட முடியாது. சேர்க்கும் பழக்கங்களும் பொது மருத்துவர்களின் இரவு நேரச் சேவையும் அதே காலத்தில் மாறியிருந்தன. ஆனால் திட்டமிட்ட அறுவை என்ற வரியில் மிச்சமான பணம் திட்டமிடாத சேர்க்கை என்ற வரியில் செலவாகவில்லை என்றும் யாரும் சொல்லிவிட முடியாது.

இந்தக் கேள்விக்கு நேரடியாக முகம்கொடுத்த ஆய்வு நாட்டினா. நியூகாசிலைச் சேர்ந்த ஜேனட் வில்சன் தலைமையில், அடிக்கடி டான்சில் அழற்சி வரும் 453 பெரியவர்களை இரு பிரிவாக்கி இரண்டு ஆண்டுகள் பின்தொடர்ந்து 2023-இல் லான்செட்டில் வெளியிட்டார்கள். உடனே அறுவை செய்துகொண்ட பிரிவில் தொண்டைவலி நாட்களின் இடைநிலை 23, காத்திருந்த பிரிவில் 30. அறுவை பயனுள்ளது, செலவுக்கும் தகுந்தது என்பது முடிவு. ஆனால் அதே கட்டுரையில் இன்னோர் எண் இருக்கிறது. அறுவை செய்துகொண்டவர்களில் 19 சதவீதத்தினருக்கு ரத்தக்கசிவு. தேசியத் தணிக்கையின் 3.5 எங்கே, இந்த 19 எங்கே? இங்கே எல்லோரும் பெரியவர்கள், பெரியவர்களுக்குக் கசிவு அதிகம். அது ஒரு பகுதி விளக்கம்தான். ஓர் ஆய்வுக்குள் இருக்கும் நோயாளியை யாராவது விடாமல் கேட்டுக்கொண்டே இருப்பார்கள் என்பதையும் சேர்த்துக்கொள்ள வேண்டும். மருத்துவமனைப் பதிவேடு, திரும்பி வந்தவரை மட்டுமே அறியும். காலையில் துப்பியபோது ரத்தம் கண்டு, ஐஸ் வாயில் போட்டுக்கொண்டு வீட்டிலேயே பயத்தோடு உட்கார்ந்திருந்தவர் அதில் இல்லை.

இனி அடுத்த முனை. 1991-இல் அமெரிக்காவின் முன்னாள் படைவீரர் மருத்துவமனைகளில் நடந்த ஓர் ஆய்வு குரல்வளைப் புற்றுநோய்ச் சிகிச்சையையே மாற்றியது. கீமோவும் கதிர்வீச்சும் கொடுத்தால் மூன்றில் இரண்டு பங்கு நோயாளிகளுக்குக் குரல்வளையைக் காப்பாற்றிவிடலாம் என்று அது காட்டியது. பெரிய வரம். ஆனால் மீதி ஒரு பங்கில் பலர், கதிர்வீச்சால் ரத்த ஓட்டம் குன்றி இறுகிப்போன கழுத்தோடு பிறகு அறுவை மேசைக்கு வருகிறார்கள். குரல்வளையை நீக்கியபின் உணவுப்பாதையைத் தைத்து மூட வேண்டும். அந்தத் தையல் ஆறாவிட்டால் தொண்டைக்கும் கழுத்துத் தோலுக்கும் இடையே வழி திறந்து எச்சில் வெளியே வடியும். ஃபிஸ்டுலா என்பார்கள். செயின்ட் லூயிஸ் ஆய்வில் நோயாளிகளை அதிகமாகத் திரும்ப அழைத்துவந்தது இதுதான். கழுத்தில் நாளுக்குப் பலமுறை மாற்றும் கட்டு, மூக்கு வழிக் குழாயில் உணவு, வாரக்கணக்கில் படுக்கை. கசியும் எச்சில் கழுத்தின் பெரிய ரத்தக்குழாயை அரித்துவிட்டால் நிமிடங்களில் உயிர் போய்விடும். அதோடு, தொடங்கவேண்டிய துணைச் சிகிச்சையும் தள்ளிப்போகும். அந்தத் தாமதத்தின் விலை எந்த பில்லிலும் ஏறாது.

மார்புத் தசையை அதன் ரத்த ஓட்டத்தோடு சுழற்றிக் கொண்டுவந்து தையலின்மேல் போர்த்தினால் ஃபிஸ்டுலா குறையும். கதிர்வீச்சுக்குப் பின் அறுவை செய்துகொண்டவர்களைப் பற்றி 2013-இல் பல மருத்துவமனைகள் சேர்ந்து வெளியிட்ட ஆய்வில், நேரடியாகத் தைத்து மூடியவர்களில் 34 சதவீதத்தினருக்கும், வேறிடத்துத் திசுவை இடையில் வைத்துத் தைத்தவர்களில் 25 சதவீதத்தினருக்கும், மார்புத் தசையை மேலே போர்த்தியவர்களில் 15 சதவீதத்தினருக்கும் ஃபிஸ்டுலா வந்தது. தசையைச் சுழற்ற அறுவையின் நேரம் நீளும், மார்பில் இன்னொரு காயம், தோள் அசைவில் சிறு குறை. அன்றைய அரங்குச் செலவை மட்டும் பார்ப்பவருக்கு அது வீண்செலவு. அடுத்த இரண்டு மாதத்தையும் சேர்த்துப் பார்ப்பவருக்கு அப்படித் தோன்றாது.

குரல்வளை நீக்கப்பட்டவர் கழுத்துத் துளை வழியாக மூச்சுவிடுகிறார். மூக்கு செய்துவந்த ஈரமாக்கும் வேலை நின்றுவிட்டதால் சளி கெட்டியாகித் துளையை அடைக்கும். நள்ளிரவில் அதை உறிஞ்சி எடுக்கத் தெரிந்தவர் வீட்டில் இருக்கிறாரா என்பதைப் பொறுத்தே அந்த இரவு மருத்துவமனையில் முடிவதும் முடியாததும். அவரால் தொலைபேசியில் பேசவும் முடியாது. பிரச்சினை வந்தால் அழையுங்கள் என்று டிஸ்சார்ஜ் சீட்டில் அச்சிட்டுக் கொடுப்பதை இவருக்கு என்னவென்று சொல்வது?

தலை-கழுத்துப் புற்றுநோயின் சுமையில் பெரும்பங்கு இந்தியாவுடையது. புகையிலையே முதல் காரணம். இங்கே ஏழை நோயாளிக்கு அறுவையின் செலவைக் காப்பீடு ஏற்கிறது. 2018-இல் வந்த பிரதமரின் காப்பீட்டுத் திட்டம் டிஸ்சார்ஜுக்குப் பின் 15 நாள் மருந்துக்கும் பரிசோதனைக்கும் பொறுப்பேற்கிறது. தமிழ்நாட்டில் அது முதலமைச்சரின் காப்பீட்டுத் திட்டத்தோடு இணைந்து நடக்கிறது. டான்சிலுக்கு 15 நாள் போதுமானது. ஆறாத கழுத்துக்கு அது தொடக்கம்கூட அல்ல. பேருந்துக் கட்டணம், துணைக்கு வருபவரின் கூலியிழப்பு, வீட்டில் வாங்கிவைக்க வேண்டிய உறிஞ்சு கருவி ஆகியவை எந்த நாட்டின் மறுசேர்க்கை ஆய்விலும் பெரும்பாலும் இடம்பெறுவதில்லை. அமெரிக்க ஆய்வுகள் நம்பும் தேசிய மறுசேர்க்கைத் தரவுத்தளத்துக்கே எல்லைகள் உண்டு. ஒரு மாநிலத்தில் அறுவை செய்து அடுத்த மாநிலத்தில் சேர்ந்தவர் அதில் திரும்பியவராகத் தெரியமாட்டார். ஒவ்வோர் ஆண்டும் தனித்தனிக் கோப்பு என்பதால் டிசம்பரில் டிஸ்சார்ஜ் ஆனவரை ஜனவரிக்குள் பின்தொடர முடியாது. ஓரிரவு 'கண்காணிப்பு' என்ற பெயரில் வைக்கப்பட்டவர் உள்நோயாளியே அல்ல.

கண்காணிப்பு என்ற அந்தக் கதவு தண்டனைக்குப் பயந்த நிர்வாகங்களுக்கு வசதியானது. படுக்கை அதே படுக்கைதான், ஏட்டில் பெயர் மட்டும் வேறு. தண்டனைத் திட்டத்தின் விளைவை ரிஷி வதேராவும் சகாக்களும் 80 லட்சம் மெடிகேர் சேர்க்கைகளைக் கொண்டு ஆராய்ந்து 2018-இல் எழுதினார்கள். திட்டம் வந்தபின் இதயச் செயலிழப்பு, நிமோனியா நோயாளிகளிடையே டிஸ்சார்ஜுக்குப் பிந்தைய 30 நாள் இறப்பு கூடியிருந்தது. அந்த முடிவை மறுப்பவர்களும் உண்டு. ஆனால் தொண்டை மருத்துவர் எவரும் அதன் தர்க்கத்தை உடனே புரிந்துகொள்வார். டான்சில் அறுவைக்குப் பின் வரும் சிறு கசிவு சில நேரம் பெருங்கசிவின் முன்னறிவிப்பு. தானாக நின்றுவிட்டதே என்று அனுப்பிவிட்டால் மறுசேர்க்கை எண்ணிக்கை அழகாக இருக்கும். படுக்கவைத்துப் பார்ப்பவரின் எண்ணிக்கை அசிங்கமாக இருக்கும்.

இங்கிலாந்து 2019-20 கட்டண ஆண்டில் 30 நாள் விதியைத் தேசிய விதியாக வைத்திருப்பதை நிறுத்திக்கொண்டது. பணம் பிடிப்பது போனது, எண்ணுவது தொடர்கிறது. எண்ணும் முறையில்தான் இன்னும் குறை. பன்னாட்டு நோய்க் குறியீட்டில் அறுவைக்குப் பிந்தைய ரத்தக்கசிவுக்கு டி81.0 என்ற எண். எச்சரிக்கைக்காக ஓரிரவு படுத்துவிட்டுப் போன பையனுக்கும், வயிறு நிறைய ரத்தத்தோடு அறுவை அரங்குக்கு ஓடிய பையனுக்கும் நோய்க்குறிப்பில் அதே எண்தான். முதல் அறுவையில் எந்த அடுக்கில் வெட்டினார்கள், எதனால் சுட்டார்கள், எழுப்பி மருந்து கொடுக்கச் சொன்னார்களா என்பதற்கு அதில் இடமே இல்லை. அவற்றை அறிய 2003-இல் செய்ததுபோல ஒவ்வொரு நோயாளிக்கும் யாராவது ஒரு படிவத்தை நிரப்பியாக வேண்டும்.